முள் ஏறாத நாட்கள்

மார்ச் 7, செவ்வாய்

இன்றைக்கும் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. கணவாய்க்கு முந்தின ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டிருந்தது. நடுவில் நின்ற முள் திடீரென்று துள்ளி ஏறி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு தானாக இறங்கியது. மறுபடி ஏறியது. எனக்குக் கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது.

"முள்ளப் பாக்காத பவளம், ரோட்டப் பாரு" என்றார் அவர்.

ரோட்டைப் பார்த்தாலும் பயம்தான்.

இந்த வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது. என் வீட்டுக்காரர் எதற்கும் அசரமாட்டார். ஏலக்காய் மூட்டை, கல்யாணப் பெண், பிணம் எல்லாவற்றையும் இதே ஜீப்பில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றி இறக்கியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு அவர் இடது பக்கம் உட்காருகிறார், நான் ஓட்டுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் ஓடைப்பள்ளம் மலைக்கு இந்தப் பக்கப் பள்ளத்தில் இருக்கிறது. கணவாய் வரை ஏறித்தான் டவுனுக்கு இறங்க முடியும், திரும்பி வரும்போதும் அப்படியே. பஸ் கிடையாது. ஊரில் இருந்த இன்னொரு ஜீப்பையும் விற்றுவிட்டார்கள். இந்த வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டால் அடுத்த வெள்ளிக்கு இவர் இருப்பாரோ மாட்டாரோ. இதைவிட வெளிப்படையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

கணவாய்க்குச் சற்றுக் கீழே கன்னிமார் ஊற்று. எல்லா வண்டியும் அங்கே நின்று இன்ஜினை ஆறவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும். முதல் மக்குத் தண்ணீர் கன்னிமார் சாமிக் கல்லுக்கு, அப்புறம்தான் வண்டிக்கு. ஓட்டுகிறவர் கல்லுக்கு ஊற்றும்போது மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், அது இந்த மலையின் முறை. இப்போது ஓட்டுகிறவள் நான்தான். ஆனால் அவர், "அத மட்டும் எனக்கு விட்டுரு" என்று கேட்டார். எல்லாம் போய்விட்ட மனுஷனுக்கு அதையாவது விட வேண்டாமா? இன்றும் கேனைத் தூக்கிக்கொண்டு அவர்தான் போனார். நான் வளைவில் ஆனை கீனை வருகிறதா என்று பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றேன்.

மார்ச் 8, புதன்

நான் எடை போடுகிற ரேஷன் கடைக்கு அரிசி வரவில்லை. எடை போட ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் வீடு வந்து வண்டியைப் பார்த்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"போனட்டத் தெற. அந்தா, கட்டவிரல் தண்டி பித்தள இருக்கு பாரு. அதான் சென்சாரு. அதோட மூக்கு உள்ள தண்ணிக்குள்ள கெடக்கும். சூடு தெரிஞ்சு மேல முள்ளுக்குச் சொல்லும்."

அதன் தலையில் ஒற்றை ஒயர். பிடுங்கினால் முனை பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டினேன். வண்டியைப் போட்டால் முள் ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஏன் ஆடவில்லை என்று பயம் வந்தது.

சின்ன எவர்சில்வர் டம்ளரைக் காணோம். அவருடைய தண்ணீரை அளக்கிற டம்ளர். காலையில் ஒன்று, மத்தியானம் அரை, ராத்திரி அரை, அவ்வளவுதான் டாக்டர் சொன்னது. குடித்தது வெளியே போக வழி இல்லையாம், உடம்பிலேயே தங்கி நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். குடத்தை உள் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ஊர் சிரிக்கிறது, சிரிக்கட்டும். டம்ளர் போனதில் ஒன்றுமில்லை, காபி டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, வெள்ளி

இறங்கும்போது முள் ஒழுங்காக இருந்தது. ஆஸ்பத்திரியில்தான் வம்பு. ரெஜினா சிஸ்டர் அவரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, மூணு நாள்ல நாலு கிலோ ஏறியிருக்காரு. அத்தனையும் தண்ணி. வீட்டுல குடுக்குறீங்களா?"

"குடத்தப் பூட்டி வச்சிருக்கேன் சிஸ்டர். சாவி என் இடுப்புல இருக்கு."

"அப்ப எங்கிருந்து வருது?"

ஊருக்கே எடை போடுகிறவள் நான். எந்தத் தராசும் ஒரு நாள் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த மெஷினும் பழசுதான், ஒரு கால் தேய்ந்திருக்கிறது.

வரும்போது டவுன் பக்க ஏற்றத்தில் முள் மறுபடி ஆட ஆரம்பித்தது. ஊற்றில் நிறுத்தினோம். அவர் கேனோடு போய் வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. ரேடியேட்டர் தெறித்துவிட்டதாம். கொதிக்கிற தண்ணீர் மேலே பட்டதா என்று பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது, நல்ல வேளை.

மார்ச் 12, ஞாயிறு

செருப்பு இறுக்குகிறது என்கிறார். பழசாகிச் சுருங்கிவிட்டது போல. புதுசு வாங்க வேண்டும்.

மார்ச் 14, செவ்வாய்

அவரை ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்க வைத்துவிட்டு ஜபருல்லா பாய் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வாரா வாரம் கேன் கேனாகத் தண்ணீர் காலியாகிறது, எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று சொன்னேன். பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், சைலன்சரில் கையை வைத்து முகர்ந்தார்.

"வெள்ளப் புகை இல்ல. ஆயில்ல தண்ணி கலக்கல. பழைய வண்டி, சூட்டுல கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் தங்கச்சி. ஆனா நீ சொல்ற அளவுக்கு இது குடிக்காது. சென்சாரு செத்துப்போச்சு, அது மட்டும் நிசம். வரவழைச்சுத் தாரேன்."

குடிக்காது என்றால் அந்தத் தண்ணீர் எங்கே? இன்ஜின் ஹெட்டுக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்க வேண்டும். அது நடுமலையில் திறந்துகொண்டால்?

சாயந்திரம் அவரோடு பட்டறைக்கு மறுபடி போனபோது, ரேடியேட்டருக்குப் பச்சைக் கூலன்ட் ஊற்றிக்கொள்ளச் சொன்னார் பாய். கேனிலும் அதையே கலந்து வைத்துக்கொண்டால் துருப்பிடிக்காதாம்.

"அதெல்லாம் வேணாம் பாய்!" என்று இவர் கத்தினார். பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது வெசம். என் வண்டிக்கு நல்ல தண்ணிதான். ஊத்துத் தண்ணி. இத்தன வருசம் அதத்தான் குடிச்சு ஓடுச்சு."

"ஏன்யா மாயா, வண்டிக்குத் தாய்ப்பாலா குடுக்கப் போற? வெசமா இருந்தா இன்ஜினு சாகுமா?" என்று பாய் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. நானும் வற்புறுத்தவில்லை. தங்கமாயனின் வண்டி, தங்கமாயன் இஷ்டம்.

மார்ச் 17, வெள்ளி

புது சென்சார் வந்துவிட்டது. பாய் தன் மகள் கல்யாண அலைச்சலில் இருக்கிறார், பட்டறை பூட்டியிருக்கிறது. பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்திருந்தார். ஊரில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாராவது பத்து நிமிஷத்தில் மாட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எடை மறுபடி ஏறியிருந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 18, சனி

எங்கள் ஊரில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் சடையாண்டி ஒருவன்தான். தண்ணீர்த் தொட்டி, குழாய், மோட்டார் எல்லாம் அவன் பொறுப்பு. ஒழுகுகிற குழாய் எதுவானாலும் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்குவான், அப்புறம் அது ஜென்மத்துக்கும் ஒழுகாது. அப்படித்தான் சென்சாரையும் கையில் வாங்கினான்.

இன்ஜின் ஆறிக் கிடந்தது. பழையதைக் கழற்றினான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது, விரலால் அடைத்துக்கொண்டான். பிறகு புதுசின் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினான், சுற்றினான், பித்தளையே தெரியாத அளவுக்குச் சுற்றினான்.

"எதுக்குய்யா இவ்வளவு?" என்றேன்.

"மதினி, ஒரு சொட்டு கசிஞ்சா என் பேர மாத்திக்கிறேன்."

இவர் உள்ளே படுத்திருந்தார், மூச்சு வாங்குகிறதென்று வெளியே வரவில்லை. சடையாண்டி இறுக்கி முடித்தான். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வண்டியைப் போட்டுப் பார்த்தோம், முள் அடியிலேயே சாதுவாகக் கிடந்தது. எனக்கு அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

முள் ஏறவே இல்லை!

ஏற்றத்தில் ஏறவில்லை, வெயிலில் ஏறவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ரோட்டோரத்தில் மஞ்சள் பூ பூத்திருப்பதைப் பார்த்தேன். தினமும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிற வழக்கத்தையும் இந்த வாரம் விட்டாயிற்று. எட்டிப் பார்க்கத்தான் முள் இருக்கிறதே.

ஊற்று வந்ததும் இவர், "நிறுத்து" என்றார்.

"எதுக்கு? முள்ளு கீழதான கெடக்கு."

"நிறுத்துடி. கன்னிமாருக்கு ஊத்தணும்."

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. வரும்போது பாத்துக்கலாம்."

வரும்போதும் நான் நிறுத்தவில்லை, இருட்டுக் கட்டிக்கொண்டு வந்தது, ஆனை நடமாடுகிற நேரம். அவர் டேஷ்போர்டை அறைந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு சொல் அதட்டாத மனுஷன், கெட்ட வார்த்தை சொன்னார். அப்புறம் குரல் உடைந்து, "ஒரே ஒரு நிமிசம் பவளம்" என்று கெஞ்சினார். சாமி மேல் இவருக்கு இத்தனை பக்தி என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 22, புதன்

அவருக்குக் கோபம் தணிந்துவிட்டது. சாயந்திரம் வண்டியைத் துடைக்கிறேன் என்று வெளியே போய் வெகுநேரம் பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி மேல் பாசம் போகுமா?

மார்ச் 23, வியாழன்

படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இந்த வருஷம் புழுக்கம் அதிகம்.

மார்ச் 25, சனி. ஆஸ்பத்திரி வராண்டா

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி இறக்கி வைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரால் நான்கு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. முகம் உப்பியிருந்தது. காலில் செருப்பு ஏறவில்லை, வெறுங்காலோடு ஏற்றினேன். ஏற்றத்தின் கடைசியில் வண்டி இழுக்கத் திணறியது. இவர் மூக்கை உறிஞ்சினார்.

"வாட அடிக்குது. நிறுத்து."

ஊற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், மறுபடி அதே பிடிவாதம் என்று நினைத்தேன். "முள்ளப் பாருங்க! அடியில கெடக்கு! சும்மா இருங்க" என்று கத்தினேன். அவர் எட்டிச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார். நான் பிரேக்கை மிதித்து நின்ற அந்தக் கணத்தில் போனட்டின் இரண்டு பக்கமும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

உள்ளே தண்ணீரே இல்லை. முள் மட்டும் காலையில் எங்கே கிடந்ததோ அங்கேயே கிடந்தது. அந்த முள்ளைப் பார்த்தபோது வந்த பயத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. ஏறின முள்ளுக்குப் பயந்ததெல்லாம் பயமே இல்லை.

பின்னால் போய்க் கேனைத் தூக்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கழுத்து வரை நிரப்பிய கேன், ஒரு சொட்டுகூட ஊற்றாத கேன், வெறுமையாகக் கையோடு வந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

செல்போனில் டவர் இல்லை. அந்த ரோட்டில் அந்நேரம் காக்கா குருவிகூட வராது. "மூச்ச மெல்ல இழுங்க, வந்துர்றேன்" என்று அவரை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, கேனோடு ஊற்றுக்கு ஓடினேன். மரத்தைப் பார்த்தால் ஆனையாகத் தெரிந்தது. திரும்பிப் போகும்போது அவர் உயிரோடு இருப்பாரா என்பதைத் தவிர மனசில் வேறு ஒன்றும் இல்லை.

ஊற்று கல்லுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. பார்க்கக் கூடாத கல்லை நேற்றுத்தான் பார்த்தேன். முதல் மக்கு விழுந்து விழுந்து பாசி பிடித்திருக்க வேண்டிய கல். காய்ந்து, புழுதி படிந்து, உச்சியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதன் பின்னால், மழை படாத பொந்தில், சின்ன எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

அழுவதற்குக்கூட நேரமில்லை. கன்னிமாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பங்கையும் அவர்தான் குடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஒரு கை தண்ணீரை அள்ளிக் கல்லின் மேல் விட்டேன். கேனை நிரப்பினேன். டம்ளரை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பக்கத்தில் அவருக்கு நெஞ்சுக்குள் கரகரவென்று நீர் சத்தம் கேட்கிறது, நான் போனட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் கண் என் மடிமேல் போயிற்று.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"தாகம் பவளம்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "நாக்கு செருப்புத் தோலு மாதிரி... ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளரோட நிறுத்திரணும்னுதான்..."

"செத்துப்போவீங்க. தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான்?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக்கூட அவருக்குக் கை தூக்க முடியவில்லை, நான்தான் துடைத்தேன். "வண்டி ஆறிருச்சான்னு பாரு" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சாவியைத் திருகும்போது எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. முள்ளை நான் பார்க்கவே இல்லை. மூக்கை வைத்துக்கொண்டு, காதை வைத்துக்கொண்டு, கணவாய் ஏறி டவுன் வந்து சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சரில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ரெஜினா சிஸ்டர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: "உங்க எட மெஷினு சரிதான் சிஸ்டர்."

மார்ச் 26, ஞாயிறு

கண் திறந்தார். ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 28, செவ்வாய்

கல்யாணம் முடிந்து பாய் பட்டறை திறந்துவிட்டார். சென்சாரைக் கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தப் புண்ணியவான் சுத்துனான்? இதோட ஒடம்பு இன்ஜின் இரும்பத் தொடணும் தங்கச்சி. தொட்டாத்தான் கரண்டு ஓடி முள்ளு ஏறும். இப்பிடிப் போர்வ போத்திவிட்டா அதுக்கு என்ன தெரியும்?"

டேப்பை உரித்து, மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் பித்தளை வாஷர் போட்டு இறுக்கினார். வண்டியைப் போட்டார். முள் மெல்ல, தயங்காமல் ஏறி நடுவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஏறட்டும் என்று நினைத்தேன்.

ரேடியேட்டரிலும் கேனிலும் பச்சைக் கூலன்ட் ஊற்றச் சொன்னேன்.

மார்ச் 29, புதன்

வீடு வந்தோம். முதல் வேலையாகக் கேன் மூடியைத் திறந்து அவருக்குக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். பூட்டின குடத்தையும் வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டேன். பூட்டி என்ன கண்டேன்?

மார்ச் 31, வெள்ளி

பழைய செருப்பு காலில் ஏறியது.

ஊற்றுக்கு முந்தின வளைவிலேயே முள் முக்காலுக்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். இந்தத் தடவை நான் போனேன், அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதல் மக்கைக் கல்லுக்கு ஊற்றினேன். புழுதி கரைந்து கல் கறுப்பாயிற்று.

பிறகு அவரைக் கூப்பிட்டேன். "எதுக்கு? பாக்கக் கூடாதே" என்றார். மடியிலிருந்து சின்ன டம்ளரை எடுத்து ஊற்றில் மொண்டேன், அரை டம்ளர். "மத்தியானப் பங்கு. இங்கயே குடிச்சுக்கங்க" என்றேன்.

என் எதிரிலேயே குடித்தார். கண்ணை மூடி, ஒவ்வொரு வாயாக நிறுத்தி நிறுத்தி. அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, இன்னும் கொடு என்று கேட்டுவிடுவாரோ, நானும் கொடுத்துவிடுவேனோ என்று. கேட்கவில்லை. கடைசி வாய் மிச்சம் இருக்கும்போது டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தார். சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு குனிந்து அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் கல்லின் மேல் விட்டார்.

வண்டியில் ஏறினோம். நான் குனிந்து கண்ணாடி வட்டத்தைப் பார்த்தேன்.

"முள்ள நான் பாத்துக்கிறேன் பவளம்" என்றார் அவர். "நீ ரோட்டப் பாரு."

பயமாகத்தான் இருந்தது. ரோட்டைப் பார்த்தேன்.